ரன்வேயிலிருந்து எதை எடுத்துக்கொள்வது: நிறமா, வெட்டா, வேலைப்பாடா, உடுத்தும் விதமா?

பாரிஸிலும் மிலானிலும் நடக்கும் ஃபேஷன் ஷோக்களின் படங்கள் இன்று அதே நாளில் நம் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. அவற்றை ரசித்துவிட்டு நகர்பவர்கள் பலர். அவற்றிலிருந்து தமக்கென்று எதையாவது எடுத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு ஒரு தேர்வு காத்திருக்கிறது. ஒரே படத்தில் உடையின் நிறம், அதன் வெட்டு (உடலில் அது அமையும் வடிவம்), துணியின் மேலுள்ள வேலைப்பாடு, அதை உடுத்தியிருக்கும் விதம் ஆகிய நான்கும் ஒன்றாகக் கலந்து நம்மை ஈர்க்கின்றன. நான்கும் வேண்டுமென்றால் அந்த உடையையே வாங்கியாக வேண்டும். ஒன்றை மட்டும் எடுப்பதானால், நம் வெயிலுக்கும் உடல்வாகுக்கும் வருமானத்துக்கும் வேலையிடத்துக்கும் ஒத்துவந்து, சில ஆண்டுகளாவது நம்முடையதாகவே நிற்கக்கூடியது எது என்று பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக இந்த ஷோக்களைக் கவனித்தும், பார்த்ததைத் துணியில் தைத்துப் பார்த்தும் நான் வந்து சேர்ந்த முடிவு, எடுத்துக்கொள்ளத் தகுந்தவற்றில் முதலிடம் வெட்டுக்கே என்பது. மற்ற மூன்றும் வீண் என்பதல்ல. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடம் இருக்கிறது, அந்த இடத்தை அறியாமல் எடுத்தால் பணமும் பீரோவில் இடமும்தான் போகும்.

எதை எடுப்பது என்பதற்கு முன், எந்தப் பருவத்தைப் பார்ப்பது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் என்ற வரிசையில், பிப்ரவரி-மார்ச்சில் இலையுதிர்-குளிர்கால உடைகளும் செப்டம்பர்-அக்டோபரில் வசந்த-கோடைகால உடைகளும் மேடையேறுகின்றன. ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து அவை கடைக்கு வருகின்றன. இந்தக் கணக்கு குளிர்நாடுகளின் கணக்கு. மார்ச் மாதம் பாரிஸில் காட்டப்படும் கம்பளிக் கோட்டுக்குச் சென்னையிலோ மதுரையிலோ வேலையே இல்லை. ஆகவே இந்த இரண்டில் நமக்கு முதன்மையானது செப்டம்பர்-அக்டோபர் ஷோக்கள்தான். அங்கே வரும் பருத்தி, லினன், பாப்லின் உடைகள் நம் பங்குனி, சித்திரை வெயிலுக்குச் சரியாகக் கடையை எட்டும்.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு பருவம் இருக்கிறது. மே, ஜூன் மாதங்களை ஒட்டிக் காட்டப்பட்டு நவம்பர் வாக்கில் விற்பனைக்கு வரும் ‘ரிசார்ட்’ அல்லது ‘குரூஸ்’ தொகுப்புகள், குளிர்காலத்தில் வெப்பமான இடங்களுக்குப் பயணம் போகும் வசதி படைத்தவர்களுக்காகத் தோன்றியவை. மெல்லிய துணி, நீண்ட கை, லேசான அடுக்கு, மாலைநேரத்துக்கு ஒரு மேலாடை என்று அவற்றின் உடைகள் நம் மார்கழிக் கச்சேரிகளுக்கும் தை மாதக் கல்யாணங்களுக்கும் இயல்பாகப் பொருந்துகின்றன. இவற்றுக்கு ஷோவின் ஆரவாரம் குறைவு என்றாலும், கடைகளில் அதிக நாள் தொங்குபவையும் அணியத்தக்கவையும் இவைதான் என்பதால், ஒருவர் ஒரே ஒரு பருவத்தைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் நான் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். ஜனவரியிலும் ஜூலையிலும் பாரிஸில் நடக்கும் ஓட் கூட்டூர் வாரங்களில் வருபவை வாடிக்கையாளரின் உடலளவுக்குக் கையால் தைக்கப்படுபவை. கைத்திறனின் உச்சத்தைக் காண அவற்றைப் பார்க்கலாம், அன்றாட உடைக்கு அங்கிருந்து எடுக்கக் கிடைப்பது குறைவு.

வெளிநாட்டு மேடையைப் பார்ப்பதா, இந்திய மேடையைப் பார்ப்பதா என்ற கேள்வியும் எழும். மும்பையில் நடக்கும் லாக்மே ஃபேஷன் வீக்கில் இந்தியத் துணி இந்தியத் தோல் நிறத்தின் மேல் எப்படி இருக்கிறது என்பதை நேரடியாகக் காணலாம். பாரிஸ் படத்தில் அதை ஊகிக்க வேண்டியிருக்கும். டெல்லியில் ஜூலை மாதம் நடக்கும் கூட்டூர் வாரமோ பெரும்பாலும் கல்யாண உடைகளால் நிரம்பியிருக்கிறது. துணிக்கும் நிறத்துக்கும் மும்பையைப் பார்ப்பது, வெட்டுக்குப் பாரிஸையும் மிலானையும் பார்ப்பது என்று பிரித்துக்கொள்வது எனக்குப் பயனுள்ளதாக இருக்கிறது.

முதலில் ஒதுக்கிவிட வேண்டிய வழி, மேடையில் கண்ட உடையின் மலிவுப் பிரதியை அப்படியே வாங்குவது. அசலின் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது என்பதால் அதைப் பற்றி நீட்டவில்லை. பிரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் மிலானில் போட்டேகா வெனெட்டா நிறுவனத்துக்காக மத்தியூ பிளேஸி காட்டிய தொகுப்பில், பிரபல மாடல் கேட் மாஸ் ஒரு கட்டம் போட்ட சட்டையும் ஜீன்ஸும் அணிந்து நடந்தார். படத்தில் பார்த்தால் எந்தக் கடையிலும் கிடைக்கும் சட்டை, எவரும் அணியும் ஜீன்ஸ். உண்மையில் இரண்டுமே மிக மெல்லிய தோலின் மேல் அச்சிட்டு, துணிபோலத் தோன்றும்படி செய்யப்பட்டவை. அந்த உடையின் அழகும் விலையும் பொருளில் இருந்தன, தோற்றத்தில் இல்லை. ஒரு படத்தைப் பார்த்துச் சில வாரங்களில் தைத்துக் கடைக்கு அனுப்பும் நிறுவனங்கள் எடுப்பது தோற்றத்தை மட்டுமே. 2024 பிப்ரவரியில் க்ளோயே நிறுவனத்துக்காகச் செமெனா கமாலி தம் முதல் தொகுப்பைக் காட்டியபோது, சுருக்கங்கள் அடுக்கிய மெல்லிய ஷிஃபான் சட்டைகள் எல்லோரையும் கவர்ந்தன. அதே சட்டை பாலியஸ்டரில் தைக்கப்பட்டு நம் கடைகளுக்கு வரும்போது, அடுக்கடுக்கான சுருக்கங்களுக்குள் வியர்வை வெளியேற வழியின்றி, மே மாதத்தில் அரை மணி நேரம்கூட அணிய முடியாத உடையாகிவிடும். பிரதியை வாங்குபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

நிறத்தை எடுப்பது எளிது, செலவும் குறைவு, பலன் உடனே தெரியும். ஆகவே பெரும்பாலோர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் மிக விரைவில் பழையதாவதும் நிறமே. 2022 மார்ச்சில் பாரிஸில் வாலன்டினோ நிறுவனத்தின் பியர்பாவ்லோ பிச்சோலி, நிறங்களை வரையறுக்கும் பான்டோன் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய ஓர் அடர் இளஞ்சிவப்பில் தொகுப்பின் பெரும்பகுதியை அமைத்து, மீதியைக் கறுப்பில் விட்டார். அரங்கமும் அதே நிறம். அந்த ஓராண்டு முழுவதும் விழாக்களிலும் விளம்பரங்களிலும் அதே இளஞ்சிவப்பு நிரம்பி வழிந்தது. இன்று அந்த உடையை அணிந்து வருபவரைப் பார்த்தால் அது எந்த ஆண்டில் வாங்கியது என்று சொல்லிவிடலாம். ஒரு நிறம் எவ்வளவு அழுத்தமாக ஒரு பருவத்தோடு பிணைக்கப்படுகிறதோ, அவ்வளவு சீக்கிரம் அது நம்மிடமிருந்து விலகிப்போகிறது.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. 2023 செப்டம்பரில் குச்சி நிறுவனத்துக்கான தம் முதல் தொகுப்பில் சபாட்டோ டி சார்னோ ஓர் ஆழ்ந்த கருஞ்சிவப்பை முன்வைத்தார்; அடுத்த ஆண்டின் இலையுதிர்காலத்துக்குள் அந்தச் சாயல் எங்கும் பரவியிருந்தது. நம் வீடுகளில் அம்மாவின் பீரோவைத் திறந்தால் அதற்கு வெகு அருகிலுள்ள அரக்கு நிறத்தில் ஒரு பட்டாவது இருக்கும். அந்த நிறம் நம் கல்யாணங்களை விட்டு என்றும் போனதில்லை. எனவே மேடை அதைக் கைவிட்ட பிறகும் அது நம் உடலில் அந்நியமாக நிற்காது. ஒரு பருவத்தின் நிறம் நம் குடும்பத்தின் துணிகளில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தால் அதைத் தயங்காமல் எடுக்கலாம் என்பது என் கருத்து. அரக்கில் ஒரு பருத்திச் சட்டையோ, சாதாரணப் புடவைக்கு ஓர் அரக்கு பிளவுஸோ வாங்குபவர் எதையும் இழப்பதில்லை.

2025 வசந்த-கோடைப் பருவத்தில் பல மேடைகளிலும் வந்த வெண்ணெய் மஞ்சளை எடுத்துக்கொள்வோம். ஆழ்ந்த கறுப்புத் தோலில் அந்த வெளிர் மஞ்சள் பளிச்சென்று எழுந்து நிற்கிறது. நான் கண்டவரையில் அதை மிக அழகாக அணிபவர்கள் அவர்களே. மாநிறத்தவருக்குத் துணியும் தோலும் ஒரே அளவு வெளிச்சத்தில் கலந்துபோவதால் முகம் சோர்ந்து தெரிகிறது. அவர்கள் அதே மஞ்சளின் அடர்ந்த சாயலான சந்தன நிறத்துக்கு இறங்கினால் நன்றாக இருக்கும். இதைக் கடைக்குள் நின்று தீர்மானிக்க முடியாது. துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மோவாய்க்கு அடியில் பிடித்து, உடன் வந்தவரைத் துணியைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பட்டில் மின்னும் அதே நிறம் பருத்தியில் அடங்கிப்போகும் என்பதையும், மேடை விளக்குகள் வேறு, நம் அலுவலகக் குழல்விளக்கு வேறு என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

நிறத்தைத் துரத்துவதற்கு இன்னொரு விலை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து எழுதும்போது அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடைகளில் பெரும்பங்கு திருப்பூரில் தைக்கப்படுகிறது. பருவத்துக்குப் பருவம் மாறும் நிறங்கள் அங்கே சாயத் தொட்டிகளில் தோய்கின்றன. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக் கழிவின் காரணமாக, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத நூற்றுக்கணக்கான சாய, சலவை ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு சுத்திகரிப்பு முறைகள் வளர்ந்திருக்கின்றன என்றாலும், ஒரு பருவம் மட்டும் அணிந்து தூக்கிப்போடும் நிறத்துக்காக அந்த நீரையும் உழைப்பையும் செலவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

வெட்டுக்கு வருகிறேன். நிறம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உடலின் எந்த இடத்தைத் துணி தொடுகிறது, எந்த இடத்தை விட்டு விலகுகிறது என்பது பத்தாண்டுகளில்தான் மாறுகிறது. 1947 பிப்ரவரி 12-ஆம் தேதி பாரிஸில் கிறிஸ்டியன் தியோர் காட்டிய தொகுப்பில், போர்க்காலத்தின் சதுரத் தோளும் குட்டைப் பாவாடையும் போய், வளைந்த தோள், இறுகிய இடுப்பு, மீட்டர் மீட்டராகத் துணி விரியும் நீண்ட பாவாடை வந்தன. அந்த வடிவம் ஏறத்தாழ ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை மேற்கத்தியப் பெண்களின் உடையை ஆண்டது. நமக்கு அதைவிடப் பயனுள்ள உதாரணம் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜியோ அர்மானி. எழுபதுகளில் அவர் ஜாக்கெட்டின் உள்ளிருந்த கேன்வாஸ், தோள் பஞ்சு, லைனிங் ஆகியவற்றைக் குறைத்தும் நீக்கியும், சட்டைபோல உடலில் தளர்ந்து விழும்படி அதை மாற்றினார். கோட்டு என்றாலே புழுக்கம் என்று ஒதுக்கும் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வெட்டு இல்லை. 2024 செப்டம்பரில் சான் லோரான் நிறுவனத்துக்காக அந்தோனி வக்கரெல்லோ காட்டிய அகன்ற தோள் கோட்டுகள் படத்தில் கம்பீரமாக இருந்தன; அந்தத் தோளை நிறுத்த உள்ளே பஞ்சும் கேன்வாஸும் வேண்டும். ஸ்கூட்டியில் அலுவலகம் போய்வருபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால், லைனிங் இல்லாத லினன் ஜாக்கெட்டை அர்மானி வழியில் தைத்துக்கொள்வதே நியாயமான முடிவு.

வெட்டை எடுப்பதில் நமக்கு இருக்கும் பெரும் வசதி தெருவுக்குத் தெரு இருக்கும் டெய்லர். ஐரோப்பாவில் ஒருவர் தம் அளவுக்கு ஒரு கால்சட்டை தைத்துக்கொள்வது ஆடம்பரம்; நமக்கு அது பழக்கம். ஆனால் அந்தப் பழக்கத்திலேயே ஒரு தடையும் இருக்கிறது. டெய்லரிடம் துணியோடு அளவுச் சட்டையைக் கொடுத்துவிட்டு வருவதுதான் நம் வழக்கம். அவர் எந்தப் படத்தைப் பார்த்தாலும் கடைசியில் அளவுச் சட்டையின் தோளையும் கைக்குழியையும்தான் புதுத் துணியில் வரைவார். கழுத்தும் கையின் நீளமும் மட்டும் மாறியிருக்கும். புதிய வெட்டு வேண்டுமென்றால் அளவுச் சட்டை கொடுக்கவே கூடாது, உடலைப் புதிதாக அளக்கச் சொல்ல வேண்டும். தோள் தையல் எலும்பின் முனையில் நிற்க வேண்டுமா, இரண்டு விரல் கீழே இறங்க வேண்டுமா என்பதைச் சொல்லால் சொல்வதோடு, தம் தோளிலேயே தொட்டுக் காட்ட வேண்டும்.

படத்திலிருந்து அளவு எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. மேடையில் நடக்கும் பெண்கள் பெரும்பாலும் 175 முதல் 180 செ.மீ. உயரம் உள்ளவர்கள். அவர்கள் அணியும் அகலக் கால்சட்டையின் கீழ்ச் சுற்றளவு 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதையே 157 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அப்படியே தைக்கும்போது கால் புதைந்து, ஆள் குறுகித் தெரிவார். உயரத்தின் விகிதத்தில் சுருக்கினால் ஏறக்குறைய 53 செ.மீ. வரும், மேடையில் கண்ட அதே தோற்றம் அப்போதுதான் கிடைக்கும். நீளத்தையும் இப்படியே உடலைக் கொண்டுதான் குறிக்க வேண்டும்: ஜாக்கெட் இடுப்பெலும்பில் முடிகிறதா, தொடையின் நடுவில் முடிகிறதா, கால்சட்டை தொப்புளுக்கு எவ்வளவு அருகில் தொடங்குகிறது என்று. மேலாடை ஒரு பங்கும் கீழாடை இரு பங்குமாகத் தோன்றும் பிரிவு குள்ளமானவர்களுக்கு உயரம் கூட்டிக் காட்டும். இரண்டையும் சரிபாதியாகப் பிரிப்பது பெரும்பாலும் குறைத்தே காட்டும்.

விலை உயர்ந்த துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காடாத் துணியில் ஒருமுறை தைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பாரிஸின் பெரிய தையற்கூடங்களிலும் எந்த உடையும் முதலில் சாயமேற்றாத பருத்தித் துணியில்தான் உருவெடுக்கிறது. காடாவில் தைத்ததை அணிந்து, கையைத் தூக்கி, உட்கார்ந்து, குனிந்து பார்த்தால் கைக்குழி இழுக்கிறதா, முதுகில் துணி திரள்கிறதா என்பது தெரிந்துவிடும். டெய்லர் அங்கேயே ஊசி குத்திச் சரிசெய்வார். சிலர் இரட்டைக் கூலி கேட்பார்கள். கொடுக்கலாம், நல்ல லினனின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. பருத்தியையும் லினனையும் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே கொடுக்க வேண்டும், உள்தையலில் ஓர் அங்குலமாவது துணி விடச் சொல்ல வேண்டும். உடல் மாறும்போது உடையும் நம்மோடு வரும்.

ஆனால் எல்லா வெட்டும் நிலைப்பதில்லை. 2021 அக்டோபரில் மியூ மியூ நிறுவனம் காட்டிய, இடுப்பில் வெகுவாக இறங்கிய மிகக் குட்டையான காக்கிப் பாவாடை ஏராளமான பத்திரிகை அட்டைகளில் வந்தது. ஆனால் அது அன்றாட அலமாரிகளுக்குள் பெரிதாக நுழையவில்லை. அதே காலத்தில் பெரிய ஆரவாரம் இல்லாமல் பரவிய அகலக் கால்சட்டை ஆண்டுகள் கடந்தும் இருக்கிறது. ஒரே நிறுவனம் மட்டும் காட்டுவதை ரசித்துவிட்டு விடலாம். ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று நான்கு நிறுவனங்கள் தொடர்ந்து இரண்டு பருவங்கள் காட்டினால் அதைத் தைக்கக் கொடுக்கலாம்.

வேலைப்பாட்டைப் பொறுத்தவரை, மேடையைப் பார்த்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு நினைவூட்டல் மட்டுமே, ஏனென்றால் அதில் பெரும்பகுதி இங்கிருந்தே போகிறது. 2023 மார்ச் 30 அன்று மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியாவின் முன் தியோர் நிறுவனத்துக்காக மரியா கிராட்சியா கியூரி நடத்திய ஷோ, மும்பையின் சாணக்கியா பூத்தையல் கூடத்துடன் அந்த நிறுவனத்துக்கு இருந்த நீண்ட உறவை உலகுக்கு வெளிப்படையாகக் காட்டியது. பெல்ஜியத்தின் வடிவமைப்பாளர் ட்ரீஸ் வான் நோட்டனும் பல பத்தாண்டுகளாக இந்தியப் பூத்தையற்காரர்களோடு பணிபுரிந்தவர். மறுபுறம், 2025 ஜூனில் மிலானில் பிராடா காட்டிய ஆண்கள் தொகுப்பில், கோலாப்பூரிச் செருப்பை அப்படியே ஒத்த செருப்புகள் அதன் பூர்விகம் பற்றிய ஒரு சொல்லும் இல்லாமல் வந்தன. மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் குறிப்பிட்ட மாவட்டங்களில் செய்யப்படும் அந்தச் செருப்புக்கு 2019-இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே, இந்தியக் கைவினை மரபிலிருந்து உந்துதல் பெற்றதை அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர் கோலாப்பூரில் செய்தவரிடமே வாங்கலாம். விலை பல மடங்கு குறைவு, பணமும் சேர வேண்டிய இடத்தில் சேரும். மழையில் மட்டும் அணியக் கூடாது, நனைந்தால் அந்தத் தோல் ஊறிக் கெட்டுவிடும்.

ஆகவே வேலைப்பாட்டை நம் ஊரிலிருந்தும் வெட்டை மேடையிலிருந்தும் எடுத்து இணைப்பதையே நான் மிகவும் விரும்புகிறேன். கோடைத் தொகுப்புகளில் கட்டங்கள் வராத ஆண்டு அரிது. சென்னையின் பழைய பெயராலேயே உலகம் அறிந்த மெட்ராஸ் கட்டங்களும் அவற்றில் அடிக்கடி தலைகாட்டும். காரைக்குடிக் கண்டாங்கியின் பெரிய கட்டங்களும் அழுத்தமான பருத்தியும், லைனிங் இல்லாத நீண்ட ஜாக்கெட்டுக்கு அருமையாக அமையும். ஒரு பருத்திப் புடவையின் ஐந்தரை மீட்டரில் ஜாக்கெட்டுக்குப் போக மீதியும் இருக்கும். அந்த மீதி தேவைப்படும், ஏனென்றால் முன்பக்கக் கட்டமும் பக்கத் தையலின் கட்டமும் நேர்கோட்டில் சேர வேண்டுமானால் துணியை வீணாக்கித்தான் வெட்ட முடியும். கட்டம் சேராத ஜாக்கெட் எவ்வளவு நல்ல துணியானாலும் அரைகுறையாகவே தெரியும். நல்ல நிலையிலுள்ள பட்டுப் புடவையை இதற்காக வெட்டுவதை நான் ஏற்பதில்லை. நைந்து, உடுத்த முடியாமல் போனதை வெட்டலாம்.

உடுத்தும் விதம் நான்கிலும் செலவே இல்லாதது. இருக்கும் துணிகளை வைத்து ஒரு காலைப் பொழுதில் முயன்று பார்த்து, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். முழுக்கை வெள்ளைச் சட்டையின் மேல் புடவை கட்டுவது, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் அகலமாக மடிப்பது, புடவைக்கு மேல் பெல்ட் அணிவது எல்லாம் இவ்வகை. முதன்முதலாக முயல்பவருக்கு இது நல்ல பயிற்சி. ஆனால் மேடையில் காணும் உடுத்தல் பெரும்பாலும் புகைப்படத்துக்காக ஒரு ஸ்டைலிஸ்ட் அமைத்தது. கையை நுழைக்காமல் தோளில் போட்ட ஜாக்கெட் படத்தில் மிடுக்காக இருக்கும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கு அது சாத்தியமில்லை. தெரு, படிக்கட்டு, வண்டி, கோயில், அலுவலகம் ஆகியவற்றைக் கடந்து மாலைவரை நிற்குமா என்று பார்த்த பிறகே இதை நம்முடையதாக்கிக்கொள்ள வேண்டும். வேகமாக வந்து வேகமாகப் போவதில் நிறத்துக்கு அடுத்தது இதுதான்.

இந்த வரிசை எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. டொராண்டோவிலோ லண்டனிலோ வாழ்பவருக்குத் தையற்கூலி கட்டுப்படியாகாது. அவர் உடுத்தும் விதத்தையும், பழைய உடைகள் விற்கும் நல்ல கடைகளையும் முதலில் நாடலாம். அங்கே முந்தைய பருவங்களின் அசல் வெட்டுகள் நியாயமான விலைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு, ஊருக்கு வரும்போது டெய்லரிடம் அளவு திருத்திக்கொள்ளலாம். நாள்தோறும் புடவை உடுத்துபவருக்கு மேடையின் வெட்டு நுழையும் வாசல் பிளவுஸ்தான்: மேலே சொன்ன க்ளோயே சட்டையின் கழுத்துச் சுருக்கத்தை மல் துணியில் ஒரே அடுக்காக எடுத்துக்கொண்டால் போதும், கையிலும் சுருக்கம் சேர்த்தால் முந்தானையோடு மோதும். ஆண்களுக்கு ஜனவரியிலும் ஜூனிலும் தனி ஷோக்கள் நடக்கின்றன. அண்மை ஆண்டுகளில் அவற்றில் தொடர்ந்து வரும், இடுப்பில் மடிப்பு வைத்த உயரமான அகலக் கால்சட்டையைத் தைக்க, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பேகி பேன்ட் தைத்த மூத்த டெய்லரைத் தேடிப் போவது நல்லது. அந்த மடிப்பு பிரியாமல் விழும்படி அமைக்க அவர் கை அறியும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. பாரிஸின் வசந்த-கோடை ஷோக்கள் அக்டோபர் தொடக்கத்தில் முடியும். அப்போது நம் டெய்லர்கள் தீபாவளித் துணிகளுக்குள் மூழ்கியிருப்பார்கள். பலர் புது ஆர்டர் எடுப்பதையே நிறுத்தியிருப்பார்கள். அந்த நெரிசலில் புதிய வெட்டைக் கொடுத்தால் அளவுச் சட்டைதான் திரும்பி வரும். படங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, தீபாவளி முடிந்து கடை ஓய்ந்திருக்கும் நாளில் காடாத் துணியோடு போனால், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படத்தைப் பார்ப்பார். ஒத்திகைத் தையலைப் பொங்கலுக்கு முன் முடித்துக்கொண்டு, நல்ல துணியைத் தை மாதத்தில் கொடுத்தால், மாசி முடிந்து வெயில் ஏறும்போது உடை கையில் இருக்கும்.